உங்கள் கூலி எங்கே எழுதியிருக்கிறது?

(சிறுதொழில் செய்யும் பெண்களுக்கான நிதிக் கல்வி குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கதவோரம் நின்றபடியே கூட்டத்தை எடைபோட்டுக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, உள்ளே வந்து உட்காருங்கள். இன்று பேசப்போவதில் கால்பங்கு உங்களுக்கானது. அதைக் கேட்காமல் போனால் வீட்டில் கேட்க வேண்டியிருக்கும்.

நான் முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்தவள். கடைசிப் பன்னிரண்டு வருடம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சுய உதவிக் குழுப் பெண்களுக்கும் சிறுதொழில் நடத்தும் பெண்களுக்கும் நிதிக் கல்வி வகுப்பு எடுத்தேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆரம்பத்தில் நான் எடுத்த வகுப்புகள் எதுவும் உருப்படி இல்லை. சமுதாயக் கூடத்தில் புரொஜெக்டர் வைத்து, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பணவீக்கம் என்றால் என்ன, கூட்டு வட்டி என்றால் என்ன, முதலீட்டில் எத்தனை வகை என்று மூன்று மணி நேரம் பேசுவேன். வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். டீயும் சமோசாவும் வரும். குழுப் புகைப்படம் எடுப்போம். அன்றைய தேதிக்கு நாற்பது பெண்கள் 'நிதிக் கல்வி பெற்றவர்கள்' ஆகிவிடுவார்கள்.

அப்படி ஒரு வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, இட்லி மாவு அரைத்து விற்கிற ஒரு பெண் என்னிடம் வந்தார். "மேடம், நீங்க சொன்னதெல்லாம் சரி. அரிசி விலை ஏறிடுச்சு. மாவு விலைய நான் எப்போ ஏத்தணும், எவ்வளவு ஏத்தணும்? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கோடிக்கணக்கில் கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டவளுக்கு ஒரு கிலோ மாவின் விலை தெரியவில்லை. அடுத்த வாரம் விடிகாலை நான்கு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். நான் நடத்திய வகுப்புகளிலேயே உருப்படியான முதல் வகுப்பு அதுதான். மாணவி நான்.

அந்தக் கணக்கை உங்கள் முன்னால் போட்டுக் காட்டுகிறேன். அப்போதைய விலைகளைச் சொன்னால் பெருமூச்சு விடுவீர்கள் என்பதால், இன்றைய விலையை ஒட்டி மாற்றிச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு எட்டுக் கிலோ இட்லி அரிசி, கிலோ 45 ரூபாய் என்றால் 360. இரண்டு கிலோ உளுந்து, கிலோ 140 என்றால் 280. வெந்தயமும் உப்பும் 20. ஆக 660 ரூபாய். இதில் இருபத்து நான்கு கிலோ மாவு வரும். கிலோ 45 ரூபாய்க்கு விற்றால் 1,080. "எனக்கு ஒரு நாளைக்கு 420 ரூபாய் லாபம் மேடம்" என்று அவர் சொன்னார். முகத்தில் ஒரு பெருமிதம். இருக்க வேண்டியதுதான்.

நான் கேட்கத் தொடங்கினேன். கிரைண்டருக்குக் கரண்ட்? நாற்பது. மாவு ஊற்றும் கவர்? முப்பது. கடைகளுக்குப் போட வண்டிக்குப் பெட்ரோல்? நாற்பது. கடையில் விற்காமல் புளித்துத் திரும்பி வருவது சராசரியாக ஒரு கிலோ, அது 45. பெரிய கிரைண்டர் 24,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். அது ஐந்து வருடம் ஓடும், வருடத்துக்கு முந்நூறு நாள் ஓடும் என்று வைத்தால் ஒரு நாள் தேய்மானம் 16 ரூபாய். "கல்லு தேயுறதுக்கெல்லாமா கணக்கு?" என்று சிரித்தார். ஐந்து வருடம் கழித்து அடுத்த கிரைண்டரை எதைக் கொண்டு வாங்குவீர்கள் என்றேன். சிரிப்பு நின்றது. இந்தச் செலவெல்லாம் சேர்த்து 171. ஆக 420 இல்லை, கையில் நிற்பது 249 ரூபாய்.

அதன் பிறகு நான் கேட்ட கேள்விதான் இன்றைய கூட்டத்துக்கே காரணம். "உங்க கூலி எவ்வளவு?"

"கூலியா? எனக்கா? வீட்டு வேலைதானே மேடம்."

விடிகாலை எழுந்து அரைக்கிறார். அளந்து ஊற்றிக் கட்டுகிறார். கடைக்குக் கொடுத்தனுப்புகிறார். மத்தியானம் பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு ஊறப் போடுகிறார். எண்ணிப் பார்த்தால் ஆறு ஏழு மணி நேரம். 2025-26-ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கூலியையே அவருக்கும் வைத்தால், 249-இல் 336 போக, ஒரு நாளைக்கு 87 ரூபாய் நட்டம். வருடக் கணக்காக நட்டத்தில் ஒரு தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நட்டம் அவருடைய முதுகிலிருந்து ஈடு செய்யப்படுவதால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அவர் கண்ணுக்கே தெரியவில்லை.

எல்லாச் செலவும் சேர்த்தால் 1,167 ரூபாய். இருபத்து நான்கால் வகுத்தால் ஒரு கிலோவின் அடக்க விலை ஏறத்தாழ 48 ரூபாய் 60 காசு. விலையை எப்போது ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. புரொஜெக்டரில் இல்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பெண்களுக்கான நிதிக் கல்வி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்றால், அந்த விடுபட்ட ஒரு வரியிலிருந்து தொடங்க வேண்டும். 'என் கூலி' என்று ஒரு பெண் தன் கணக்கு நோட்டில் எழுதாத வரைக்கும், அவர் போடும் விலை தப்பு, லாபம் தப்பு, வாங்கும் கடனின் அளவும் தப்பு. அவருக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் ஆள் வைத்தால் தொழில் படுத்துவிடும். ஏனென்றால் அந்த ஆளுக்குக் கொடுக்கிற கூலி மாவு விலையில் இல்லவே இல்லை.

'பெண்களுக்குக் கணக்கு வராது' என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஏலச் சீட்டுப் போடும் இடத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். இந்த மாதம் எவ்வளவு தள்ளி எடுக்கலாம், எடுத்தால் மிச்சத் தவணையில் எவ்வளவு கைவிட்டுப் போகும், இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் தள்ளு எவ்வளவு குறையும் என்று எட்டாம் வகுப்புப் படித்த பெண் மனக்கணக்காகப் போடுவார். எங்கள் பயிற்சியில் அந்தக் கணக்குக்குப் பெரிய ஆங்கிலப் பெயர்கள் உண்டு. அரிசிப் பானைக்குள் ஒரு சுருட்டு, கடுகு டப்பாவில் ஒரு மடிப்பு, சாமி படத்துக்குப் பின்னால் ஒரு கவர் என்று வைக்கிறோமே, இது பள்ளிக்கூடப் பணம், அது பண்டிகைப் பணம், இன்னொன்று ஆஸ்பத்திரிக்கு என்று பிரித்துத்தானே வைக்கிறோம்? வரவுசெலவுத் திட்டம் போடும் அறிவு நம் அடுக்களையில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொழிலுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

பெண்கள் கணக்கு எழுதுவது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாட்டில் அரசு சார்பில் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது 1989-இல், இதே தருமபுரி மாவட்டத்தில். ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தை நாடு முழுவதும் 500 குழுக்களோடு தொடங்கியது அதற்குப் பிறகு, 1992-இல். ஊக்குநர், பிரதிநிதி, தீர்மான நோட்டு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு என்ற சொற்கள் கிராமத்துப் பெண்களின் பேச்சில் கலந்தது அப்படித்தான்.

ஆனால் அதில் ஒரு குறை உண்டு. குழுவின் கணக்கை எழுதினோம், தனிப் பெண்ணின் தொழில் கணக்கை எழுதவில்லை. குழுவில் யார் எவ்வளவு கட்டினார், யார் பாக்கி என்பதெல்லாம் அச்சுக் குத்தியது போலிருக்கும். வாங்கிய கடனில் வாங்கிய மாடு பால் கறந்ததா, அதில் மிச்சம் உண்டா என்பதற்கு ஒரு வரி இருக்காது. கடனைத் திருப்பிக் கட்டிவிட்டார் என்றால் தொழில் நன்றாக நடக்கிறது என்று நாங்கள், வங்கிக்காரர்கள், எழுதிக்கொண்டோம். நகையை வைத்துக் கட்டினாரா, இன்னொரு குழுவில் வாங்கிக் கட்டினாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போன இயக்கம், பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. கல்குவாரிகளில் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிக் குத்தகை கிடைக்க வழி செய்தார்கள். படித்த எழுத்துக்கு மறுநாளே வேலை இருந்தது. குத்தகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அந்த எழுத்து நின்றது. கற்றதைப் பயன்படுத்த மறுநாள் ஒரு வேலை இல்லையென்றால் எந்தப் பாடமும் தங்காது.

இதை ஆய்வாளர்களும் அளந்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் நடந்த இருநூறு நிதிக் கல்வி ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2014-இல் வெளிவந்தது. மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் காணப்படும் வேறுபாடுகளில், இந்தப் பயிற்சிகளால் விளக்கக்கூடியது 0.1 சதவீதம் மட்டும் என்றது அது. எவ்வளவு மணி நேரம் நடத்திய வகுப்பானாலும், இருபது மாதம் போனால் அதன் தடம் அநேகமாக அழிந்துவிடுகிறதாம். என்னுடைய புரொஜெக்டர் வகுப்புகளுக்கு ஆய்வுலகமே கொடுத்த மதிப்பெண் அது.

அதே ஆண்டில் இன்னொரு ஆய்வும் வந்தது. டொமினிக்கன் குடியரசில் சிறுகடன் வாங்கித் தொழில் செய்பவர்கள், பெரும்பாலும் பெண்கள். ஒரு பிரிவுக்கு முறையான கணக்கியல் பாடம் நடத்தினார்கள். இன்னொரு பிரிவுக்குச் சில எளிய விதிகளை மட்டும் சொன்னார்கள். அதில் முக்கியமான விதி, கடைக் காசும் வீட்டுக் காசும் தனித்தனியாக இருக்கட்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்தால் சீட்டில் எழுதிப் போடு என்பது. கணக்கியல் படித்தவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. எளிய விதி கற்றவர்கள் கணக்கும் எழுதினார்கள், வியாபாரம் மந்தமான வாரங்களில் தாக்குப்பிடிக்கவும் செய்தார்கள்.

இதைப் படித்த பிறகு எங்கள் வகுப்பில் இரண்டு டப்பா வைத்தேன். எவர்சில்வர் டப்பா கடைக்கு, பிளாஸ்டிக் டப்பா வீட்டுக்கு. காலையில் கடை டப்பாவிலிருந்து உங்கள் கூலியை எண்ணி எடுத்து வீட்டு டப்பாவில் போடுங்கள். அது உங்கள் சம்பளம். அதற்கு மேல் பிள்ளைக்கு நோட்டு வாங்கக் கடை டப்பாவில் கை வைத்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியும் தொகையும் எழுதி உள்ளே போடுங்கள். ஒரு மாதம் கழித்து டப்பாவைத் திறந்தால் எத்தனை துண்டுக் காகிதம் இருக்கிறது என்று பாருங்கள். தையல் கடை வைத்திருந்த ஒரு பெண் இருபத்தேழு காகிதங்களை மேசையில் பரப்பிவிட்டு, "என் கடைக்குப் பெரிய கடன்காரி நான்தான் மேடம்" என்றார். எந்த நிபுணரும் அவருக்கு அதைச் சொல்லிப் புரியவைத்திருக்க முடியாது.

அடுத்து, பெயர். உங்கள் கடையில் ஒரு கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. வாடிக்கையாளர் ஸ்கேன் செய்கிறார். "நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி பேசுகிறது. சரி, பணம் யார் கணக்குக்குப் போகிறது? நான் பார்த்த பல கடைகளில் வீட்டுக்காரர் கணக்குக்கு. சில கடைகளில் மகன் கணக்குக்கு. "அவர்கிட்டதான் மேடம் டச் போன் இருக்கு" என்பார்கள். உழைப்பு இவருடையது, கடை இவருடையது, பெட்டி பேசுவது இவர் காதில், பணம் விழுவது அவர் பையில்.

இதில் தொழிலுக்கு வரும் சேதம் பெரிது. மூன்று வருடம் கழித்து இவர் முத்ரா கடனுக்கு வங்கிக்கு வருகிறார். நாங்கள் கேட்கும் முதல் காகிதம் கணக்கு அறிக்கை. அதில் அரசு தரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரவு, அதே வாரம் ஆயிரம் ரூபாய் எடுப்பு, வேறொன்றும் இல்லை. மாதம் முப்பதாயிரம் ரூபாய்க்கு வியாபாரம் செய்யும் பெண், வங்கியின் கண்ணுக்கு வியாபாரமே செய்யாதவராகத் தெரிகிறார். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செய்யவேண்டிய வேலை இது. அந்த அட்டை உங்கள் பெயரில், உங்கள் எண்ணில், உங்கள் கணக்குக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் உங்கள் பெயரில் இருக்கட்டும்; அதற்குக் கட்டணம் கிடையாது.

உரிமைத் தொகை என்றேன். 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு அது போகிறது. அதற்கு 'உதவித் தொகை' என்று பெயர் வைக்காமல் 'உரிமை' என்று வைத்தார்களே, அந்தச் சொல்லை நான் முக்கியமாக நினைக்கிறேன். வீட்டில் செய்வதும் வேலைதான் என்று அரசு ஒரு வரி எழுதிவிட்டது. நம் கணக்கு நோட்டில் நாம் இன்னும் எழுதவில்லை.

பெயர் விஷயத்தை இலங்கையில் நடந்த ஒரு சோதனை நன்றாகக் காட்டியது. 2005 வாக்கில் அங்கே தெற்குப் பகுதியில் சிறுதொழில் செய்பவர்களுக்குப் பொருளியலாளர்கள் திருப்பித் தர வேண்டாத சிறு முதலைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் லாபம் கூடியது. பெண்களின் தொழிலில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. பெண்களுக்குத் தொழில் செய்யத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடலாம் அல்லவா? இந்தியா, இலங்கை, கானா நாடுகளின் தரவுகளைச் சில வருடம் கழித்து வேறு சிலர் மறுபடி கிளறினார்கள். பெண்ணுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு வீட்டுக்குள்ளேயே நகர்ந்து, கணவர் நடத்தும் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் பெண் ஒருவர் மட்டுமே தொழில் செய்யும் இடங்களில், அந்தப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாகவே சம்பாதித்திருந்தார்கள். குறை திறமையில் இல்லை. பணம் இவர் கையில் தங்கவில்லை.

இனி கடன். இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

காய்கறிக் கடைக்குத் தண்டல் வாங்குகிறீர்கள். பத்தாயிரம் என்று பெயர். கையில் கொடுப்பது 8,500. ஒரு நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்தைந்நூறுதானே வட்டி, நூத்துக்குப் பதினஞ்சுதானே" என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறீர்கள். ஐம்பதாவது நாள் பாதிக் கடன் அடைந்துவிட்டது. சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம். அதற்கு நூறு நாளைக்கு 1,500 வட்டி. வருடத்துக்கு விரித்தால் நூற்றுக்கு நூறைத் தாண்டி, ஏறத்தாழ நூற்றிருபது வட்டி.

இன்னொன்று. "வெறும் பன்னிரண்டு சதவீதம்தான் அக்கா" என்று ஒருவர் வருகிறார். ஐம்பதாயிரம், இரண்டு வருடம். ஃபிளாட் வட்டி என்றால் முழு ஐம்பதாயிரத்துக்கும் இரண்டு வருடம் போட்டு 12,000 வட்டி. மாதம் 2,583 கட்ட வேண்டும். அதே பன்னிரண்டு சதவீதத்தை வங்கி மாதிரி, கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் போட்டால் மொத்த வட்டியே 6,500-க்குள்தான். பெயர் ஒன்று, வட்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் சதவீதத்தைக் கேட்காதீர்கள். "கையில எவ்வளவு தருவீங்க? மொத்தமா எவ்வளவு வாங்குவீங்க?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். அதே தொகைக்கு, அதே காலத்துக்கு இரண்டு இடத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். எந்த இடம் மலிவு என்று தெரிந்துவிடும்.

இதற்குச் சட்டமும் துணைக்கு வருகிறது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கியோ நிதி நிறுவனமோ, தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் தவணைக் கடன் கொடுத்தால், முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான வருட வட்டி அதில் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள். குழுக் கடன் தரும் சிறுகடன் நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து வேறு விதிகளும் உண்டு. குடும்பத்தின் மாத வருமானத்தில் எல்லாக் கடன் தவணையும் சேர்த்துப் பாதிக்கு மேல் போகக் கூடாது. அடமானம் கேட்கக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கூடாது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வசூலுக்காக அழைத்துத் தொல்லை செய்யக் கூடாது. வீட்டு வாசலில் உட்கார்ந்து அவமானப்படுத்துகிற வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025-இல் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். "உன் பேர்ல வாங்கிக் கொடு, நான் கட்டிக்கிறேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், குழுவின் ஊக்குநரே கேட்டாலும், கொடுக்காதீர்கள். அவர் ஒரு தவணை தவறினால் கறை உங்கள் பெயரில் விழும். கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றிடமும் வருடத்துக்கு ஒரு முறை உங்கள் அறிக்கையை இலவசமாக வாங்கலாம். வாங்கிப் பாருங்கள். தான் வாங்காத கடன் தன் பெயரில் இருப்பதை அதில் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

பயிற்சி நடத்துகிறவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆமதாபாத்தில் சேவா வங்கி இருக்கிறது. 1974-இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தொடங்கியது. தெருவில் காய்கறி விற்றவர்களும் சுமை தூக்கியவர்களும் அதன் பங்குதாரர்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்ற கேள்வி அன்றைக்கு வந்தது. எலா பட் தலைமையில் அவர்கள் நடத்திக் காட்டினார்கள். அந்த வங்கியின் வாடிக்கையாளர்களிடம் எரிகா ஃபீல்ட், சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே, நடாலியா ரிகோல் என்ற நான்கு பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு நாள் தொழில் பயிற்சிக்குச் சிலரைத் தனியாக அழைத்தார்கள். சிலரைத் தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். பாடம் ஒன்றுதான். தோழியோடு வந்தவர்களே அதிகம் கடன் வாங்கினார்கள், அதைத் தொழிலில் போட்டார்கள், வீட்டு வருமானமும் கூடியது.

இது நமக்குத் தெரியாததா? தனியாகக் கற்றுக்கொண்டு போகும் பெண்ணை வீட்டு வாசலில் ஒரு கேள்வி நிறுத்திவிடும். "எல்லாம் தெரிஞ்சுட்டு வந்துட்டா" என்று ஒரு குரல் போதும். கூட ஒருத்தி இருந்தால் மறுநாள் கிணற்றடியில் "எழுதினியா?" என்று கேட்பாள். ஆகவே பெண்களைத் தோழியோடு அழையுங்கள். மூன்று மணி நேரத்தை முப்பது நிமிடமாக ஆறு வாரத்துக்குப் பிரியுங்கள். கடன் வாங்கப் போகிற வாரத்தில் கடன் பாடம், தீபாவளிக்குச் சரக்கு எடுக்கும் மாதத்தில் இருப்புப் பாடம் என்று வேலையோடு சேர்த்து நடத்துங்கள். மேடையில் நடத்தாமல் கடைத் திண்ணையில் நடத்துங்கள். வகுப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு முறை போய், "நோட்டைக் காட்டுங்க" என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டை விட்டுவிட்டு அந்த நோட்டைப் படம் எடுங்கள்.

தம்பிமார்களுக்கு வருகிறேன். நழுவாதீர்கள். உங்கள் வீட்டுப் பெண் கணக்கு எழுதத் தொடங்கினால் உங்களைச் சந்தேகப்படுகிறார் என்று அர்த்தம் இல்லை. அவர் நகை அடகுக் கடைக்குப் போனதில் உங்கள் தொழிலுக்குப் போன முதல் எவ்வளவு என்று நீங்களும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுதியபின் வீட்டில் பேச்சு நேராகும். என் அனுபவத்தில் இரண்டு டப்பா வைத்த வீடுகளில் சண்டை கூடவில்லை. எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத வீடுகளில்தான் சண்டை.

கடைசியாக, அந்த மாவுக் கடைக்கே திரும்பிப் போகிறேன். அன்று கணக்குப் போட்டு முடித்ததும் அவர் உடனே விலையை ஏற்றிவிடவில்லை. பயம். இரண்டு வாரம் யோசித்தார். பிறகு ஏற்றினார். ஒரு கடைக்காரர் வாங்குவதை நிறுத்திவிட்டார், மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். நின்றுபோன கடைக்குப் பதிலாக, டீக்கடை ஒன்று ஒரு மாதத்துக்குள் வந்து சேர்ந்தது. பெரிய வெற்றிக் கதை எதுவும் இல்லை. இன்றைக்கும் அதே வீடு, அதே கிரைண்டர். ஆனால் அவர் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அரிசிக்கும் உளுந்துக்கும் கீழே 'என் கூலி' என்று ஒரு வரி வந்துவிட்டது.

ஆறு மாதம் கழித்து நான் போனபோது அந்த நோட்டை எடுத்து வரச் சொல்லி மருமகளிடம் வாங்கிப் பார்த்தவர் அவருடைய மாமியார். எழுபது வயதிருக்கும். எழுத்துக் கூட்டி வாசிப்பார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கி வந்தார். அரிசி, உளுந்து, கவர், கரண்ட், என் கூலி. அங்கே விரல் நின்றது. என்னை ஒரு தரம், மருமகளை ஒரு தரம் பார்த்தார்.

"அரிசி களையறது நான். உளுந்துல கல்லுப் பொறுக்கறது நான். எனக்கு எங்கடி?" என்றார்.

மருமகள் ஒன்றும் பேசவில்லை. பேனாவை எடுத்து இன்னொரு வரி எழுதினார். அடுத்த வாரம் அடக்க விலையை மறுபடி போட வேண்டியிருந்தது.